பார்ப் வெட்டுப்பட்டது சரி, வேறு எவை வெட்டுப்பட்டன?

கேள்வி: பெங்களூரு ஜாலஹள்ளியில் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜுர்காட் செல்களுக்கு (மனித ரத்தப் புற்று செல்கள்) செல் தற்கொலையைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் கொடுத்தால், ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்-1 புரதம் வெட்டுப்படுவது தெரிகிறது. செல் சாகும்போது புரதங்களை வெட்டும் நொதிகளான கேஸ்பேஸ்கள் வேறு எந்தப் புரதங்களை வெட்டுகின்றன என்று மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் கருவி) பார்க்க எந்த முறை நல்லது?

பதில்: பிளாட்டில் 116 கிலோடால்டன் எடையுள்ள முழுப் பார்ப்-1 பட்டை மங்கி, 89-இல் புதிதாக ஒன்று வந்திருக்கும். ஆனால் ஆன்டிபாடி கையில் இருக்கும் புரதத்தைத்தான் பிளாட் காட்டும். வழக்கமான மாஸ் ஸ்பெக்கிலும் சிக்கல் உண்டு. டிரிப்சின் என்ற நொதியைப் போட்டு எல்லாப் புரதத்தையும் நாமே துண்டு போடுகிறோம். செல்லுக்குள் விழுந்த ஒரு வெட்டு அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். டிரிப்சின் தொடும் முன்பே வெட்டுவாய்க்கு, அதாவது வெட்டில் புதிதாகத் திறந்த என்-முனைக்கு (புரதச் சங்கிலியின் தொடக்க முனை), அடையாளம் போட்டாக வேண்டும்.

அதற்கு நான் சொல்வது, 2010-இல் வான்கூவரிலிருந்து வந்த டெயில்ஸ் முறை. ஃபார்மால்டிஹைடும் சோடியம் சயனோபோரோஹைட்ரைடும் சேர்த்து என்-முனைகளை மூடுவோம். லைசின் என்ற அமினோ அமிலங்களும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். அப்புறம் டிரிப்சின். அது புதிதாகத் திறந்துவிடும் முனைகளை ஆல்டிஹைடு பாலிமர் பிடித்துக்கொள்ளும். சல்லடையில் தங்குவது கழிவு, முனை மூடியிருப்பதால் கீழே விழுவதுதான் நமக்கு. லைசின் மூடியிருப்பதால் டிரிப்சின் ஆர்ஜினினுக்குப் பின்னால் மட்டுமே வெட்டும். மென்பொருளில் ஆர்க்-சி (ஆர்ஜினினுக்குப் பின் மட்டும் வெட்டு), செமி (ஒரு முனை மட்டும் அந்த விதிப்படி இருந்தால் போதும்) என்று கொடுங்கள்.

2008-இல் ஜுர்காட் செல்களிலேயே செய்து காட்டிய சப்டிலிகேஸ் முறையும் (என்-முனைகளில் அடையாளம் ஒட்டும் நொதி இது) அருமையானது. ஆனால் அந்த நொதியை நீங்களே தயாரிக்க நேரிடலாம். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் மாஸ் ஸ்பெக்கில் அல்ல, பஃபரில். பழக்கதோஷத்தில் ஒருமுறை ட்ரிஸ் பஃபரில் செல்களை உடைத்துவிட்டு மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ட்ரிஸ்ஸில் இருக்கும் அமீனே ஃபார்மால்டிஹைடை விழுங்கிவிட்டது! ஹெப்பிஸ் எடுங்கள். யூரியாவும் வேண்டாம், சூடுபட்டால் அதுவே என்-முனைகளில் ஒட்டிக்கொள்ளும், குவானிடின் போதும். செல் உடைந்த பிறகும் கேஸ்பேஸ் சும்மா இருக்காது, வெட்டிக்கொண்டே இருக்கும். உடைக்கும் பஃபரிலேயே கேஸ்பேஸைத் தடுக்கும் இசட்-வேட் சேர்த்துவிடுங்கள். இன்னொரு தட்டில் ஸ்டாரோஸ்போரினுக்கு முன்பே இசட்-வேட் கொடுத்து ஒப்பீட்டுக்கு வையுங்கள். அங்கேயும் வரும் வெட்டுகளைக் கேஸ்பேஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

பெல்லாரி சாலை சி-கேம்ப் போன்ற, மாஸ் ஸ்பெக் வசதியுள்ள மையத்துக்கு அனுப்பும்போது பெப்டைடை (புரதத் துண்டுகளை) உலர்த்தி அனுப்புங்கள். ட்ரை ஐஸ் டப்பாவோடு ஹெப்பாலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பட்டியல் வந்ததும், அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பின் விழுந்த வெட்டுகளை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றிலும் அடுத்து புரோலின் வந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பிணைப்பு அமிலத்தில் தானாகவே அறும்.

அந்தப் பட்டியலில் பார்ப்-1 இல்லாவிட்டால் பதற வேண்டாம். அதன் வெட்டு 214-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பின் விழுகிறது. அடுத்து வருவதெல்லாம் லைசின் மயம், முதல் ஆர்ஜினின் வெகு தொலைவில். அவ்வளவு நீளமான பெப்டைடு மாஸ் ஸ்பெக்கில் சிக்குவது கடினம். இப்படித் தப்பிப்பவற்றுக்காகவே அதே லைசேட்டில் (செல்லை உடைத்த கரைசல்) ஒரு பங்கை ஜெல்லில் ஓட்டி, எடை வாரியாகப் பட்டைகளை வெட்டித் தனித்தனியாக மாஸ் ஸ்பெக்கில் ஓட்டுங்கள். துல்லியமான வெட்டிடம் கிடைக்காது. ஆனால் 116-இல் இருக்க வேண்டிய புரதம் 89-இல் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும்.