அபராதம் கட்டிவிடலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கையின் மகன் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறான். மாணவர் பேரவைத் தலைவன். உதவித்தொகை வந்ததும் அதில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பி வாங்குகிறார்கள், விடுதிச் சாப்பாட்டுக் கணக்கில் இல்லாத பிள்ளைகளின் பெயர் இருக்கிறது என்று சொல்லி, கல்லூரி வாசலில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் எல்லாரையும் வண்டியில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, பெயர், விலாசம் எழுதி வாங்கிவிட்டு சாயங்காலம் விட்டது. அதோடு முடிந்தது என்றிருந்தோம்.

பிறகுதான் எப்.ஐ.ஆர். இருப்பதே தெரிந்தது. பயல்தான் முதல் எதிரி. புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இல் 189(2), 126(2), 223 என்று இருந்தது, இப்போது 132-ம் சேர்த்திருக்கிறார்களாம். கல்லூரியில் இடைநீக்கம் செய்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பரீட்சை எழுதலாம் என்கிறார்கள். “சின்ன கேஸ்தான், கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஆயிரமோ ரெண்டாயிரமோ பைன் கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும்” என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவனுக்கு எஸ்.ஐ. தேர்வு எழுத ஆசை. அதுவும் இல்லையென்றால் வளைகுடாவுக்குப் போக வேண்டும். அவனுக்க அம்மை சாப்பிடாமல் கிடக்கிறாள். பைன் கட்டிவிடலாமா?

– ஒரு தாய்மாமன்

அன்புள்ள நண்பருக்கு,

கட்ட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சம்மன் வந்து, பையன் நடுவர் முன் நிற்கும்போது, குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி “ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 274-ஆம் பிரிவு அது. “ஆமா” என்றால் 275-இன் கீழ் அங்கேயே தண்டனை விதிக்கலாம். அபராதம் நூறு ரூபாயாக இருந்தாலும் ஏட்டில் அது குற்றவாளி என்ற தீர்ப்புதான். தானே ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பின் மேல் மேல்முறையீட்டுக்குப் போனால், தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் மட்டுமே கேட்க முடியும். “நான் செய்யவில்லை” என்ற வாசல் மூடிவிடும். தெரிந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் இரணியலுக்கும் தக்கலைக்கும் வாய்தாவுக்கு நடந்து அலுத்தவர்கள் தரும் ஆலோசனை இது. ஆனால் 21 வயதுப் பையனுக்கு இது ஆகாது.

அதிலும் அவன் காவல்துறை வேலைக்கு ஆசைப்படுகிறான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கான விதிகள் மிகக் கடுமையானவை. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர்களைக்கூட குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விளக்கம் அதில் இருக்கிறது. ஆகவே அவனுக்கு வேண்டியது வழக்கு எப்படியாவது முடிவதல்ல, வழக்கே ரத்தாவது. குறைந்தபட்சம், சந்தேகத்தின் பலன் என்று சொல்லாமல், ஆதாரங்களை ஆராய்ந்து தரும் விடுதலை. எந்த விண்ணப்பப் படிவத்திலும் வழக்கை மறைக்கவும் கூடாது. அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தாலும் அதை வேலை தருபவர் தம் விருப்புரிமையில் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. “விடலாம்” என்றுதான் சொன்னது, விட்டாக வேண்டும் என்றல்ல.

இனி எப்.ஐ.ஆருக்கு வருவோம். மாநிலக் காவல்துறையின் இணையதளத்தில் நிலையத்தின் பெயரும் எண்ணும் ஆண்டும் போட்டால் நகல் கிடைக்கும். அதில் சம்பவ நேரம், நிலையத்தில் பதிவான நேரம், நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். புகார்தாரர் யார் என்று பாருங்கள். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் பந்தோபஸ்தில் நின்ற எஸ்.ஐ.யே புகார்தாரர், சாட்சிகளும் காவலர்களே. “மற்றும் பலர்” என்றோ “கண்டால் அடையாளம் தெரியும்” என்றோ ஒரு வரி இருக்கும். மண்டபத்தில் எழுதி வாங்கிய பட்டியல் அந்த வரிக்குள் பின்னால் வந்து உட்காரும். மற்றப் பிள்ளைகளின் வீட்டாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

223 என்பது அரசு அலுவலரின் உத்தரவை மீறியது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 188. இதில் எப்.ஐ.ஆரின் பேரில் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. உத்தரவு போட்ட அலுவலரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தாக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 215). சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் இதைத்தான் விரிவாகச் சொல்லி, போராட்டக்காரர்கள் மீது பழைய சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 பிரிவுகளில் போட்ட வழக்குகளை ரத்து செய்தது. சட்டத்தின் எண்கள் 2024 ஜூலை 1-இல் மாறிவிட்டன, எழுத்துமூலப் புகார் வேண்டும் என்ற விதி மாறவில்லை. எந்த உத்தரவை மீறினார்கள், அது காவல் சட்டம் 30(2)-இன் கீழா, பி.என்.எஸ்.எஸ். 163-இன் கீழா, அதை எப்படி அறிவித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான எப்.ஐ.ஆர்.களில் “தடை உத்தரவை மீறி” என்ற மூன்று சொற்களுக்கு மேல் எதுவும் இராது.

189(2) சட்டவிரோதக் கூட்டம். ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதம் ஆகிவிடாது. வன்முறை, அத்துமீறல், சட்டத்தின் அமலாக்கத்தைத் தடுப்பது என்று சட்டம் சொல்லும் நோக்கங்களில் ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். ஊழலை விசாரி என்று கேட்பது அந்தப் பட்டியலில் இல்லை. 126(2)-க்கு யாரைத் தடுத்தார்கள் என்று ஓர் ஆளைக் காட்ட வேண்டும். ஆனால் ரோட்டில் உட்கார்ந்தது சரியா என்றால் அங்கே உங்கள் பையனின் நிலை பலவீனமானதுதான். பொதுவழியை மறித்துக்கொண்டு போராடும் உரிமை இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் அமித் சாஹ்னி வழக்கில் சொல்லிவிட்டது. அடுத்த முறை ரோட்டைவிட்டு உள்ளே நிற்கச் சொல்லுங்கள்.

உண்மையான ஆபத்து 132. பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கியது அல்லது அவர்மேல் பலம் பிரயோகித்தது. மற்ற மூன்றும் ஜாமீனில் விடத்தக்கவை, இது அப்படியல்ல. இரண்டு ஆண்டு வரை சிறை.  முதல் மூன்று பிரிவுகள் மட்டும் என்றால் அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது. அத்தகைய வழக்குக்கு ஓராண்டுக் கெடு உண்டு, ஆனால் புதிய சட்டம் அதை எப்.ஐ.ஆர். பதிவான நாளை வைத்தே பார்க்கிறது (பி.என்.எஸ்.எஸ். 514), ஆகவே குற்றப்பத்திரிகை தாமதமாவதை நம்பியிருக்க வேண்டாம். 132 சேர்ந்தவுடன் அந்தக் கெடு மூன்று ஆண்டாகிவிடுகிறது. இந்தப் பிரிவு முழுவதும் “பணி செய்யவிடாமல் கையால் பிடித்துத் தள்ளி” என்பது போன்ற ஒரே ஒரு தொடரில் நிற்கும். அந்தத் தொடர் முதல் எப்.ஐ.ஆரில் இருந்ததா, அல்லது பிரிவு மாற்ற அறிக்கையில்தான் முளைத்ததா? தள்ளியவன் இவன்தான் என்று பெயரோடு இருக்கிறதா? வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே முன்ஜாமீன் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் நாகர்கோவில் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம், அங்கே கிடைக்காவிட்டால் மதுரைக் கிளை. போலீஸ் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் வழக்கறிஞருடன் குறித்த நேரத்தில் போகட்டும். அப்படி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய, காரணங்களை எழுதிவைத்தாக வேண்டும். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணமாகிவிடும். வாக்குமூலம் எழுதினால் அதில் அவன் கையெழுத்துப் போடத் தேவையில்லை, சட்டப்படி கையெழுத்து வாங்கவும் கூடாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து என்றால் மறுத்துவிட வேண்டும். கைதே ஆகிவிட்டால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாத கைது சட்டவிரோதம் என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் தீர்ப்பிருக்கிறது. கட்டணத்துக்கு வழியில்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 15100-க்கும் அழைக்கலாம்.

ஜாமீன் கிடைத்தால் தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனை வரலாம். பரீட்சை நேரமும் அதுவும் மோதும். கால அட்டவணையை இணைத்து நிபந்தனைத் தளர்வு மனு போடுங்கள். கையெழுத்தைத் தவறவிட்டுவிட்டு, பரீட்சை இருந்தது என்று பிறகு விளக்கம் சொன்னால் எடுபடாது.

மன்னிப்புக் கடிதம். அபராதத்தைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதலைச் சட்டம் சாட்சியமாக ஏற்காது. முதல்வரிடம் எழுதிக் கொடுத்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. “சாலை மறியலில் ஈடுபட்டு, காவலர்களிடம் தவறாக நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன்” என்று அவர்கள் சொல்லச் சொல்ல இவன் எழுதினால், அந்தத் தாளே வழக்கில் ஆவணமாக வந்து நிற்கும். அதற்குப் பதில் இப்படி எழுதட்டும்: கல்லூரியின் விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைப்பேன், இதே சம்பவம் குறித்துக் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதால் அதன் விவரங்களுக்குள் இப்போது செல்ல இயலவில்லை, என் மீதான குற்றச்சாட்டுகளையும் ஆதாரங்களையும் எழுத்தில் தாருங்கள், தேர்வு எழுத அனுமதியுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வையுங்கள். கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவுக்கும் மனு போகட்டும். 2023-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி அக்குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், அதன்பின் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு. தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி அதற்குள் வந்துவிடும் என்றால் காத்திராமல் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள்.

மாணவர் தலைவர்களுக்கு இன்னொரு தாளும் வரும். அமைதி காப்பேன் என்று பிணை எழுதித் தரும்படி பி.என்.எஸ்.எஸ். 126-இன் கீழ் பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமிருந்தோ நாகர்கோவில் கோட்டாட்சியரிடமிருந்தோ அழைப்பு. சடங்குதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், பிணைக் காலத்துக்குள் அடுத்த போராட்டத்தில் நின்றதே மீறல் எனப்பட்டு, மிச்சக் காலத்தைச் சிறையில் கழிக்கும்படி ஆகலாம். ஏன் பிணை தர வேண்டும் என்று விசாரணை கேட்க அவனுக்கு உரிமை உண்டு, கேட்கட்டும்.

எடுத்த வீடியோக்களை வாட்ஸாப்பில் சுற்றவிட்ட பிரதி போதாது. எடுத்த போனையே அழிக்காமல், ரீசெட் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணான ஹாஷ் மதிப்பும் கேட்பார்கள். எதிர்க்கடைகளின் கேமரா சில வாரங்களில் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவு செய்துவிடும். இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

இவையெல்லாம் கையில் சேர்ந்ததும் பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் மதுரைக் கிளையில் ரத்து மனு. அது பலிக்காமல் வழக்கு நடுவர் முன் வந்தாலும் 274-இலேயே ஒரு வழி இருக்கிறது. குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று நடுவர் கருதினால் காரணத்தை எழுதி விடுவிக்க வேண்டும் என்ற வரியைப் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. பலரும் அதைக் கேட்பதே இல்லை. அரசே வழக்கைத் திரும்பப் பெறுவதும் நடக்கக்கூடியதுதான். கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் பற்றி. எப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகாது. காவல் சரிபார்ப்பில் சிக்கல் வரும், எழுதி வாதாடலாம். குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்துவிட்டால் அதே நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டுமே பாஸ்போர்ட் தருவார்கள். வளைகுடா விசாவுக்கு அது போதாது. ஆகவே மனுவிலேயே இத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் எதற்காக ரோட்டுக்கு வந்தார்களோ அது. உங்கள் கடிதத்தின் பிற்பாதியில் அது காணாமலே போய்விட்டது. வழக்கு போடுபவர்களுக்கு அதுதான் வேண்டும். அரசு நிதியுதவி பெறும் கல்லூரியின் பொறுப்பாளரும் ஊழியரும் ஊழல் தடுப்புச் சட்டத்தில் பொது ஊழியர்கள். நாகர்கோவிலில் உள்ள லஞ்ச ஒழிப்புப் பிரிவில், பெயரும் கையெழுத்தும் உள்ள புகாராகக் கொடுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம். உதவித்தொகை நேராக மாணவர் வங்கிக் கணக்கில் வருவதால், வரவான நாளும், அதே வாரத்தில் ரொக்கமாக எடுத்ததோ ஜிபேயில் அனுப்பியதோ பாஸ்புக்கில் இருக்கும். 20 பிள்ளைகளின் அந்தப் பக்கங்களை அடுத்தடுத்து வைத்தாலே மாதிரி தெரிந்துவிடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு பிரதி கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

விடுதிக்குத் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடந்த கல்வியாண்டின் மாதவாரி விடுதி வருகைப் பதிவேடு, உணவுச் செலவுப் பட்டியல், அரிசி, காய்கறி கொள்முதல் ரசீதுகள் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். “ஊழல் நடந்ததா?” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விண்ணப்பத்தைப் பையன் பெயரில் போட வேண்டாம். குடிமகன் எவரும் கேட்கலாம். நீங்களே போடுங்கள்.

அன்புடன்.