மனச்சோர்வில் இருக்கும் தம்பிக்கு நான் எப்படித் துணையாக இருப்பது?

வேலை போனதிலிருந்து தம்பி யாரிடமும் பேசுவதில்லை, இரவில் உறங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பக்கத்தில் போய் உட்காருங்கள். "தைரியமாக இரு", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்" என்பவை ஆறுதல் அல்ல. அவன் வாயை அடைப்பவை. "சில நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடம் மௌனமாக இருந்தாலும் எழுந்துவிடாதீர்கள்.

"செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கப் பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பல நாள் ஒளித்து வைத்ததைச் சொல்ல அவனுக்கு ஒரு வாசல்தான் திறக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அப்படி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். "போய்ப் பார்" என்று சொன்னால் போகமாட்டான். நீங்களே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே செல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுகிற வீடுகள் பல. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அவன் மறுத்தால், நீங்கள் அழைத்து வழி கேளுங்கள்.