எட்டு லிட்டர் குடித்தும் ஏன் தலைவலி?

கேள்வி: எனக்கு 47 வயது. சான் ஹோசேயில் ஐடி வேலை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையில் மே கடைசியில் நடக்கத் தொடங்கினேன். மெக்சிகோ எல்லையிலுள்ள கேம்போவில் கிளம்பி இப்போது ரைட்வுட் வந்திருக்கிறேன். கடுமையான வெயில். அதற்குப் பயந்து தினமும் எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கிறேன். அப்படியும் சாயங்காலம் ஆனால் தலைவலி, குமட்டல். விரல்கள் வீங்கி மோதிரம் கழல மாட்டேன் என்கிறது. முந்தாநாள் வாந்தியும் வந்தது. கூட நடப்பவர்கள், தண்ணீர் போதவில்லை, இன்னும் குடி என்கிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டிவலிக்குத் தினமும் மூன்று ஐபுபுரூஃபன். அடுத்து மொஹாவி பாலைவனம். இன்னும் எவ்வளவு குடிக்க வேண்டும்?

பதில்: இதைவிட அதிகமாகக் குடிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், தண்ணீர் குறைந்ததைவிட, உப்பில்லாத தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்று நினைப்போம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது சரி. மணிக்கணக்காக வெயிலில் நடக்கும்போது, தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் உடலில் கூடுதலாகச் சுரக்கிறது. குமட்டலும் வலியும் அதை இன்னும் தூண்டுகின்றன. ரத்த சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது கீழே இறங்கும்போது மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீங்குகிறது. தலைவலி, குமட்டல், வாந்தி, இன்னும் முற்றினால் குழப்பம், வலிப்பு என்று போகும். இதில் ஆபத்து என்னவென்றால், வெயில் சோர்வும் ஆரம்பத்தில் இப்படியேதான் இருக்கும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் நல்ல மனதோடு இன்னொரு பாட்டிலை நீட்டுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் மாத்திரைகளும் சேர்ந்துகொண்டன. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரில் உப்பை வெளியே தள்ளும் மருந்து. ஐபுபுரூஃபன் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், தண்ணீரையும் தேக்கிவைக்கும். டெல்மிசார்ட்டனும் கூட இருக்கும்போது, இந்த மூன்றும் சேர்ந்து வெயிலில் நடப்பவரின் சிறுநீரகத்தைத் திடீரெனப் பாதிக்கக்கூடும். வீட்டில் ஏசி அறையில் சாப்பிட்டபோது ஒன்றும் செய்யாத மாத்திரைகள் அங்கே அப்படி இருக்காது.

எனவே ஐபுபுரூஃபனை இன்றோடு நிறுத்துங்கள். கல்லீரல் கோளாறு எதுவும் இல்லையென்றால் வலிக்குப் பாரசிட்டமால் போதும். அமெரிக்கக் கடைகளில் டைலனால் என்று கிடைக்கும். நாளைக்கு மூன்று கிராமைத் தாண்ட வேண்டாம். பிரஷர் மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே பேசி, இந்த நடை முடியும்வரை வேறு மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். ரைட்வுட் சின்ன ஊர். யாராவது காரில் விக்டர்வில் பக்கம் அழைத்துப்போனால் அங்கே கிளினிக்கில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பார்த்துவிடலாம். அந்த முடிவு கைக்கு வரும்வரை நடக்க வேண்டாம். நடக்காமல் ஓய்வெடுக்கும் நாளை ட்ரெயிலில் நடப்பவர்கள் ஜீரோ டே என்பார்களே, அதை இரண்டு நாள் எடுங்கள். மறுபடி வாந்தி வந்தாலோ தலைவலி ஏறினாலோ காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

வீங்கிய விரலை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நடந்தாலும், பையின் பட்டை தோளை இறுக்கினாலும் விரல் வீங்கும். ரத்தப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

சரி, எவ்வளவுதான் குடிப்பது? தாகத்துக்குக் குடியுங்கள். மணிக்கு இத்தனை லிட்டர் என்று கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டாம். ஊற்றைக் கண்டதும் ஒட்டகம் மாதிரி ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே உண்டு. சுமை குறையும் என்பதால் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். சுமப்பது வேறு, குடிப்பது வேறு. அடுத்த தண்ணீர் வரைக்கும் தாராளமாகச் சுமந்து செல்லுங்கள், அதில் கஞ்சத்தனம் கூடாது. குடிப்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோலைட் பவுடர் கலந்தால் எவ்வளவும் குடிக்கலாம் என்று நம்பிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கரைசலிலேயே சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான், ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. விளையாட்டு பானங்களில் அதைவிடக் குறைவு. உப்பு சாப்பாட்டிலிருந்து வரட்டும். பிரஷர்காரர் ஆயிற்றே என்று வீட்டில் உப்பைக் குறைத்தது நியாயம். வியர்த்துக் கொட்டும் நாளில் நாக்கு கேட்கிற அளவுக்குச் சாப்பிடலாம், உப்பு மாத்திரைகளை மட்டும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்து பார்சல் வரவழைக்கிறீர்கள் என்றால் காய்ந்த உப்பு நார்த்தங்காயைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கனமே இல்லை, வெயிலில் கெடாது, குமட்டும் வாய்க்கும் இறங்கும். பாதயாத்திரை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

அடுத்து மொஹாவி. ஹைக்கர்டவுன் என்ற நடைபயணிகள் தங்குமிடத்தைத் தாண்டியதும், 1913ல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் கால்வாயை ஒட்டித்தான் பாதை போகிறது. காலடியில் குழாய்க்குள் ஆறு போல் நீர் ஓடும், மேலே நிழல் என்று ஒன்றும் இருக்காது. பலர் அந்தப் பகுதியை ராத்திரியில்தான் கடக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தலைவிளக்கு வேண்டும், பாம்பு பாதையில் படுத்திருக்கும். மற்ற நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி பத்துக்குள் நிழல் பிடித்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்துக்குப் பிறகு மீண்டும் நடக்கலாம். யோசுவா மரத்தின் நிழல் ஓர் ஆளுக்கே போதாது, வெள்ளிப் பூச்சுள்ள குடை ஒன்று கையில் இருக்கட்டும். வறண்ட காற்றில் நனைத்த பருத்திச் சட்டையைப் போல் குளிர்ச்சி தருவது வேறில்லை. உடல் வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும் என்பார்கள். அதை நீங்கள் தாண்டிவிட்டது உங்களுக்குச் சாதகம்.

கூட வருபவர்களிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். ஒருவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடம்பு அனலாகக் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். பாரசிட்டமால் அதற்கு உதவாது. இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும், கூடவே அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும். உடம்பு சூடில்லாமல் இந்தக் குழப்பம் மட்டும் இருந்தால் சோடியம் இறங்கியிருக்கலாம். அதற்கும் 911தான். விழிப்போடு இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால், மூன்று நான்கு சூப் கட்டிகளை அரை கப் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கலாம்.

மோதிரத்தை நாளைக் காலை விரல் வற்றியிருக்கும்போது சோப்பு போட்டுக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலையிலும் கழலவில்லை என்றால் கிளினிக்கில் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பாலைவனத்தில் இறங்க வேண்டாம்.