தொண்ணூறு நாளில் வேலை என்கிறார் ஊழியர்: காணிக்கை கொடுக்கலாமா?

பி.எட். முடித்து, 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்று, திருச்சபைப் பள்ளியொன்றில் சொற்பத் தொகுப்பூதியத்தில் பணிபுரியும் சகோதரி ஒருவர், நிரந்தர நியமனம் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போவதாக எழுதியிருக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வேத வசனம் எழுதிக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அவருக்கு வந்தது எரேமியா 29:11: உங்களுக்காக நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் வசனம். அதற்குப் பின் வீட்டுக்கு வந்த பிரசங்க ஊழியர் ஒருவர், விதைபோல் பலமடங்கு பலன் தரும் என்று சொல்லிக் கேட்கப்படும் விதைக் காணிக்கையைச் செலுத்தினால் தொண்ணூறு நாளில் வேலை கிடைக்கும் என்று உரைத்திருக்கிறார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்கலாமா, கொடுக்காவிட்டால் அது அவிசுவாசம் ஆகிவிடுமா என்பது அவர் கேள்வி.

கொடுக்க வேண்டாம், சகோதரி. அது அவிசுவாசமும் ஆகாது.

அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும். வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தைய வசனத்தை வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு, அங்கே எழுபது வருஷம் முடிந்த பின்பே உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். அதற்கும் முந்தைய 28ஆம் அதிகாரத்தில், பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பொருள்கள் எல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்று தேதி குறித்துக் கொடுத்த தீர்க்கதரிசி அனனியா நிற்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தவனும் அவனே. அவன் சொன்னது பொய் என்றும், கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்றும் எரேமியா முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதாயிற்று. சிறைப்பட்டுப் போனவர்களுக்கோ வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்ற கட்டளைதான் வந்தது. காத்திருக்கிற காலத்திலும் வாழ்க்கையை நடத்தச் சொன்ன தேவன் அவர்.

தேதி சொல்லி, அதோடு பணமும் கேட்கிறவரை வாசற்படியிலேயே நிறுத்துங்கள். குறித்த நாள் கடந்துவிட்டால் உங்கள் விசுவாசம் போதாது என்பார். பழியும் உங்களுக்கே, அடகுக் கடை வட்டியும் உங்களுக்கே. மாதக்கணக்கில் மீட்க முடியாத சங்கிலியின் அடகுச் சீட்டை வேதாகமத்தின் உறைக்குள் செருகி வைத்து, ஜெபக்கூட்டம்தோறும் அதன்மேல் கைவைத்து ஜெபித்த ஒரு தாயை நான் அறிவேன். குஷ்டரோகம் நீங்கிய படைத்தலைவன் நாகமான் கொண்டுவந்த வெள்ளியைத் தீர்க்கதரிசி எலிசா தொடவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி. தாளாளரை எனக்குத் தெரியும், சில லட்சம் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று வரும் தரகரும் இதே வகைதான். தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிவிடும் என்று அவர் அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். 2021 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் தாமதத்தையும் தேவனுடைய வேளை என்று சொல்லிவிடக் கூடாது. பொய்க் குற்றச்சாட்டால் எகிப்தில் அடைபட்ட யோசேப்பு சிறையில் வாய்மூடிக் காத்திருக்கவில்லை. தான் குற்றம் செய்யாதவன் என்று, உடன் சிறையிலிருந்த அரண்மனைப் பானபாத்திரக்காரனிடம் எடுத்துச் சொல்லி, விடுதலையானதும் மன்னன் பார்வோனிடம் தன் காரியத்தைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டான். அவன் மறந்துபோனதால் இரண்டு வருஷம் வீணாயிற்று. அந்த மறதியையும் தேவன் நன்மைக்குப் பயன்படுத்தினார் என்பது உண்மை. அதனால் மறதி நியாயமாகிவிடாது. திருச்சபை நிர்வாகத்தில் இருப்பவர்கள் சபைத் தேர்தலுக்கும் வழக்குக்கும் ஓடிக்கொண்டு காலிப் பணியிடங்களை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து உங்களுக்கு ஆறுதல் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தங்கள் தாமதத்துக்கு அவர்கள் தேவனுடைய பெயரை வைக்கிறார்கள்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். பணியில் சேர்ந்த நாள், கல்வித் தகுதி, காலியிடத்தின் விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தாளாளருக்கு மனு கொடுத்து, நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்ட கையெழுத்தை வாங்கி வையுங்கள். அரசுப் பணிக்கான அடுத்த தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள். ஜெபித்துவிட்டு இன்னொரு கதவைத் தட்டுவது முதல் ஜெபத்தை மறுதலிப்பது ஆகாது. அந்த ஊழியர் மறுபடி வந்தால், உங்கள் வீட்டாரையும் சபைப் போதகரையும் அருகில் வைத்துக்கொண்டு, எரேமியா 28ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள்.