தொங்கும் வயிறு: கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

கேள்வி: வயது 44. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். 12 கிலோ குறைத்தும் அடிவயிறு மடிப்பாகத் தொங்குகிறது. மதுரையில் ‘டம்மி டக்’ என்ற வயிற்று ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம். அதற்குள் தேறிவிடுவேனா?
— வாசகி, காரைக்குடி

பதில்: கல்யாணம் முடியட்டும். ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அரைக்குடம் தண்ணீரே அதைத் தாண்டும். சீர் சாமான் பரப்புகிற கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவைச் சும்மா உட்காரவா விடுவார்கள்?

டம்மி டக் எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலால் அழுத்துங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தட்டினால் வயிற்றுத் தசை விலகியிருக்கலாம். அந்தத் தசையை உள்ளே இழுத்துத் தைத்து, மிச்சத் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுப்பார்கள். முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டும் தோலோடு போய்விடும். பதிலுக்கு இடுப்பின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை நீளத் தழும்பு விழும். மங்க ஒரு வருடமாவது ஆகும்.

ஆபரேஷனுக்குப் பின், ஊறும் நீரை வெளியேற்ற வயிற்றிலிருந்து வடிகுழாய் தொங்கும். தினமும் எத்தனை மில்லி வடிந்தது என்று நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே பொதுவாக எடுப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் தோலுக்கடியில் நீர் கட்டும், ஊசி போட்டு உறிஞ்ச வேண்டிவரும். முதல் வாரம் கூனித்தான் நடக்க வேண்டும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். படுக்கும்போது முழங்காலுக்கடியில் தலையணை. வலி மாத்திரையால் மலம் கட்டும். முக்காதீர்கள், மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

பயப்பட வேண்டியது காலில் ரத்தம் கட்டுவதற்கு. அதனால்தான் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுகிறார்கள். காரில் ஊர் திரும்பும்போதும் வழியில் இறங்கி நடங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தையல் ஓரம் ஆறாமல் கறுத்துப்போகும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டு. இப்போதே செய்துகொள்ளலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம். கர்ப்பத்தில் தைத்த தசை மறுபடி விலகும், தோலும் தளரும். பிள்ளை பெற்று, பால் மறக்கடித்து, எடை ஆறு மாதம் ஒரே அளவில் நின்ற பிறகு யோசியுங்கள்.