தனியாகத் தாயைக் கவனிப்பவருக்குத் திடீரென்று முடியாமல் போனால்

குன்னூர் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், பக்கவாதத்தால் படுத்திருக்கும் தாயாரைத் தனியாகக் கவனிக்கும் உங்களுக்கே திடீரென்று முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மருந்துகளின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, உணவைக் குழைத்து ஊட்டும் முறை, புரட்டிப் படுக்கவைக்கும் இடைவெளி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள். மாற்றுச் சாவியை அடுத்த வீட்டம்மாவிடம் கொடுப்பதோடு நில்லாமல், ஒருநாள் உங்கள் முன்னிலையில் அவரையே எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள். தாளைப் படித்தவரெல்லாம் நோயாளியைப் புரட்டிவிட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலை மண்சரிவால் அடைபடுவது உண்டு என்பதால், கோயம்புத்தூரிலுள்ள தம்பியை உதவிக்கு அழைக்கும் முதல் ஆளாக வைக்க வேண்டாம்; அக்டோபருக்கு முன்பே இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக வாங்கிவையுங்கள். 108-ஐ அழைப்பவர் சொல்வதற்காக, ஆம்புலன்ஸ் ஏறிவரக்கூடிய இடத்தின் அடையாளத்தையும் அத்தாளிலேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து மருத்துவ உதவி தருவதற்காக 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் தாயாரின் பெயரைச் சேர்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.