லிங்க் மாற்றப் பட்டரியை இறக்கத் தேவையில்லை

கேள்வி: எங்களிடம் 2014 ஆம் ஆண்டு நிஸான் லீஃப் கார் இருக்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வேகத்தடை ஏறி இறங்கும்போது முன் இடது சக்கரப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். காட்டிய கராஜில் ஸ்டெபிலைசர் லிங்க் போய்விட்டது என்கிறார்கள். ஷொக் அப்சோபர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். மின்சாரக் கார் என்பதால் பட்டரியை இறக்கத் தனி ஆள் வர வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். லிங்க் மட்டும் மாற்றினால் போதாதா? ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா? அடுத்த வாரம் நீர்கொழும்பில் ஒரு கலியாணம். அதுவரை ஓட்டலாமா?

பதில்: பட்டரியை யாரும் தொடத் தேவையில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொன்ன கராஜுக்கு மறுபடி போகவும் வேண்டாம். அந்த வேலை தெரிந்தவர் இப்படிச் சொல்லமாட்டார். தெரிந்தும் சொன்னார் என்றால் அது இன்னும் மோசம்.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே குறுக்காக ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. வளைவில் கார் ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது இந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வைக் குறைக்கும். இதுதான் ஸ்டெபிலைசர். அதன் ஒவ்வொரு நுனியையும் அந்தப் பக்கத்து ஷொக் அப்சோபரோடு இணைக்கும் குட்டைக் கம்பிதான் லிங்க். இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு போல் ஜொயின்ட் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டு), அதை மூடிய ரப்பர் பூட், ஆளுக்கொரு நட். அவ்வளவுதான். பெற்றோல் காரில் இருப்பதும் இதே அமைப்புத்தான். உங்கள் காரின் பெரிய பட்டரி ஏறக்குறைய 360 வோல்ட். அது ஆசனங்களுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. மின்சாரம் போகும் செம்மஞ்சள் நிற வயர் எதுவும் லிங்குக்குப் பக்கத்தில்கூட வராது. ‘மின்சாரக் காருக்கான லிங்க்’ என்று விசேட விலை சொல்பவரிடம், இந்தக் கம்பிக்குள் மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சத்தம் பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் வேறு. பெற்றோல் காரில் எஞ்சின் இரைச்சலுக்குள் இந்த ‘டக்’ அமுங்கிவிடும். உங்கள் காரில் அமுக்க எஞ்சினே இல்லை. அதனால் சின்னத் தேய்மானமும் பெரிய உடைவு போலக் கேட்கும். இந்தப் பயத்தை வைத்துத்தான் ஷொக் அப்சோபரையும் சேர்த்து விற்கிறார்கள். ஒழுகாத, தள்ளாடாத ஷொக் அப்சோபரை லிங்கின் பேரில் மாற்றாதீர்கள். முன் பொனட் ஓரத்தை அமுக்கி விடுங்கள். கார் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால், அதன் உடலில் எண்ணெய்க் கசிவும் இல்லையென்றால், அதை விட்டுவிடலாம்.

லிங்க்தானா என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. முதலாவதை வாசலிலேயே செய்யலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துக் காரை நிறுத்துங்கள். சக்கரத்துக்குப் பின்னால் லிங்க் தெரியும். வீட்டில் ஒருவர் அந்தப் பக்கத்து மட்காட்டை அமுக்கி அமுக்கி விட, நீங்கள் லிங்கின் மேல் மூட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். தேய்ந்த மூட்டு என்றால் காது கேட்பதற்கு முன்னமே விரல் நுனியில் அந்தத் தட்டு தெரியும். ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே கிரீசுக்குப் பதிலாகச் செம்பழுப்பு நிறத்தில் சேறு போல ஏதாவது இருந்தால் அந்த மூட்டு முடிந்தது. கடலோர ஒழுங்கைகளில் நிற்கும் கார்களில் இது சீக்கிரம் வரும். உப்புக் காற்று நட்டையும் தின்னும், கிழிந்த பூட்டுக்குள்ளும் போகும்.

இரண்டாவது வழிக்கு மெக்கானிக் வேண்டும். ஆனால் சாமான் எதுவும் வேண்டாம். இரண்டு பக்க லிங்கையும் முழுவதாகக் கழற்றி, ஸ்டெபிலைசர் நுனிகள் எதிலும் படாதபடி கட்டிவிட்டு, அதே ஒழுங்கையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது. சத்தம் நின்றுவிட்டால் பெரும்பாலும் லிங்க்தான். நிற்காவிட்டால் லிங்க் அல்ல. இதைச் செய்யாமல் பில் போடும் எவருக்கும் காசு கொடுக்காதீர்கள். ‘நேரமில்லை, மாற்றினால் சரியாகிவிடும்’ என்பார்கள். மாற்றியும் சரியாகாவிட்டால் அடுத்த சாமானுக்குப் போவார்கள், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.

இங்கே ஒரு விடயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். இதே சத்தம், சக்கரத்தைக் கீழே காரின் உடலோடு பிடித்து வைத்திருக்கும் கீழ் ஆர்மின் போல் ஜொயின்டிலிருந்தும் வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், சத்தமும் ஒன்று போல. ஆனால் ஆபத்து ஒன்றல்ல. லிங்க் முறிந்தால் கார் வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், சத்தம் போடும். சக்கரம் எங்கும் போகாது. கீழ் ஆர்மின் மூட்டு கழன்றால் சக்கரமே வெளியே மடங்கிக் கார் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் லிங்க் என்று முடிவு செய்வதற்கு முன் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது, அதன் உச்சியையும் அடியையும் இரு கையாலும் பிடித்து உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழ் மூட்டை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் வீல் பெயரிங் தேய்ந்திருந்தாலும் சக்கரம் ஆடும். மூட்டே ஆடுகிறதா, முழுச் சக்கரமும் ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிறகு ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டுக்கும் இடையில் ஒரு நெம்புகோலை விட்டு மெதுவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே அசைவு இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் போக வேண்டாம்.

லிங்க்தான் என்று உறுதியானால் இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள். ஒரே காரில் ஒரே தூரம் ஓடிய சாமான். இடது போனால் வலதும் தூரத்தில் இல்லை.

இனி பஞ்சிகாவத்தை, கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கும் இடம். காரை நிறுத்தியவுடன் ஒருவர் வந்து ‘என்ன சாமான் வேணும்?’ என்று கேட்டு, தெரிந்த கடை என்று கூட்டிக்கொண்டு போவார். அவருடைய கொமிஷன் உங்கள் விலைக்குள் இருக்கிறது. கராஜ்காரர் தன் பையனை அனுப்பி வாங்கும்போதும் அப்படியே. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் இலக்கத்தை எழுதிக்கொண்டு நீங்களே போய், ஓரிரு கடைகளில் அந்த இலக்கத்தைச் சொல்லி விலை கேளுங்கள். ‘எல்லா லீஃபுக்கும் ஒன்றுதான்’ என்று இலக்கத்தைப் பார்க்காமல் எடுத்துத் தரும் கடையில் வாங்காதீர்கள்.

பெட்டியைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஒரிஜினல் பெட்டி போலவே அச்சடித்த பெட்டிக்குள் எதையும் போடலாம். சாமானைக் கையில் எடுங்கள். மூட்டின் ஆணியை விரலால் தள்ளினால் இறுக்கமாக, சீராக அசைய வேண்டும். தொளதொள என்று விழுந்தால் அது புதுச் சாமானாக இருந்தாலும் வேண்டாம். பூட் மடிப்புகளில் வெடிப்பு இருக்கக்கூடாது. புது நட்டுகள் கூட வர வேண்டும். பழைய லொக் நட்டை மறுபடி போட விடாதீர்கள்.

‘ஜப்பான் யூஸ்ட், ஒரிஜினல்’ என்று கழற்றிய லிங்கை வாங்கச் சொல்வார்கள். கதவு, கண்ணாடி, லைட் என்றால் யூஸ்ட் வாங்குவதில் நியாயம் உண்டு. இது தேய்ந்து போவதற்கென்றே இருக்கும் சாமான். ஜப்பானில் தேய்ந்ததை இங்கே காசு கொடுத்து வாங்கி என்ன பயன்? இன்னொரு வித்தையும் உண்டு. பழைய பூட்டுக்குள் ஊசியால் கிரீஸ் அடித்து, லிங்கைக் கறுப்புப் பெயின்டில் பூசி விடுவார்கள். சில நாள் சத்தம் இருக்காது. அதனால்தான் கழற்றிய பழைய சாமான் இரண்டையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்த உங்களுக்குத்தான் அது சொந்தம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். லீஃப் முன் சக்கரத்தில் ஓடும் கார். காரை நிறுத்தி வைக்கும் ‘பி’ பொத்தானை அழுத்தினால் பூட்டப்படுவது முன் சக்கரங்கள். அந்த இரண்டையும் தூக்கிவிட்டால் தரையில் நிற்கும் பின் சக்கரங்களை ‘பி’ பிடிக்காது. ஆகவே பார்க்கிங் பிரேக்கும் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கார் ஓடத் தயார் என்பதற்கு எஞ்சின் சத்தம் இருக்காது. காரை அணைத்துத் திறப்பைத் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஜக்கைக் கதவடி ஓரத்தில் அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய 300 கிலோ பட்டரி கீழே இருக்கிறது, அதன் பெட்டியில் ஜக்கை முட்டுக்கொடுத்தால் லிங்கின் விலையில் முடியாது. பட்டரி தொடர்பில் நீங்கள் பயப்பட வேண்டிய ஒரே இடம் அதுதான்.

பழைய நட் துருப்பிடித்திருந்தால் ஆணியும் சேர்ந்து சுற்றும். ஆணியின் நுனியில் உள்ள அறுகோணக் குழியில் அலன் கீயை விட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் நட்டைத் திருப்ப வேண்டும். அதுவும் வராவிட்டால் கிரைண்டரால் வெட்டலாம். காஸ் வைத்துச் சூடாக்க விடவே வேண்டாம். லிங்கின் மேல் முனை பூட்டப்படும் பிடி ஷொக் அப்சோபரின் உடலில் ஒட்டியிருக்கிறது, சூடு ஏறினால் உள்ளே உள்ள சீல் போய்விடும், பக்கத்தில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இருக்கின்றன. ஷொக் அப்சோபர் விற்க ஆசைப்படுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. புது நட்டையும் இம்பாக்ட் கன்னால் விட்டு இறுக்கினால் ஆணி சுழன்று முதல் நாளே பூட் கிழியும். கையால் ஏற்றி, அளவு பார்த்து இறுக்கும் டோர்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். துரு தொல்லை தராவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணித்தியால வேலை.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட் என்பார்கள். லிங்க் மாற்றியதற்கு அலைன்மென்ட் தேவையில்லை. சக்கரத்தின் கோணத்தை லிங்க் தீர்மானிப்பதில்லை.

பில் கேளுங்கள். சாமானின் பெயர், விலை, கூலி எல்லாம் தனித்தனியாக. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. பில் இல்லாமல் அங்கே போய் என்ன சொல்வீர்கள்? இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. தனியார் காருக்கு ஒவ்வொரு வருடமும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். காப்புறுதியைப் பார்க்கிறார்கள், பெற்றோல் கார் என்றால் புகையைப் பார்க்கிறார்கள். காரைத் தூக்கி அடியில் ஒரு மூட்டை அசைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. 2020 மார்ச்சில் கார் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குள் உங்களுடையதைப் போன்ற கார்கள் பத்து வயதைத் தாண்டிவிட்டன. கீழ் ஆர்ம் மூட்டு கழன்று நடுவீதியில் உட்காரும் வரை அதைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு?

நீர்கொழும்புப் பயணம்: கீழ் ஆர்ம் உறுதியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, லிங்க் மட்டும்தான் பழுது என்றால் போகலாம். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறாதீர்கள். 100 கிலோமீற்றர் வேகத்தில் திடீரென்று ஒதுங்க நேர்ந்தால் சாய்வைப் பிடிக்க வேண்டிய கம்பி வேலை செய்யாது. வத்தளை, ஜா-எல வழியாகப் பழைய வீதியில் போங்கள், வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். கீழ் ஆர்மைப் பார்க்க அதற்குள் நேரம் கிடைக்காவிட்டால் கலியாணத்துக்கு வேறு வாகனத்தில் போங்கள்.